ராயப்பனுக்கு வைத்த பூசைகள்

ஊர்காம் ஸ்டேஷனில் வண்டி நிற்பது ஒரே ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஏறி, பெண்கள் பெட்டியில் வழக்கமான ஜன்னலோரத்தைப் பிடித்து, டிபன் பையை மடியில் வைத்து, முந்தானையை இடுப்பில் செருகியும் ஆயிற்று. தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷத்திலிருந்து பதினெட்டு வருஷமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற உடம்பு பிலோமினாவுடையது. மனசு வீட்டிலேயே தங்கிவிட்டாலும் கை கால்கள் அதற்காகக் காத்திருக்காது, அவை பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, நேற்று சாயங்காலம் தேவசகாயம் பேசி அனுப்பியதை நாலாவது தடவையாகக் கேட்டாள். தேவசகாயம் பழைய கம்பெனி எலெக்ட்ரீஷியன், இப்போது சுரங்கத்தில் செத்தவர்களுக்குக் கல் வைக்கிற கமிட்டியின் செயலாளர். கமிட்டியில் மொத்தம் நாலு பேர், நாலு பேருக்கும் பதவி உண்டு. ‘‘பிலோமினாம்மா, கல்லுக்காரரு நாளைக்கு காலைல பத்து மணிக்கு உளி வெக்கிறேன்னு சொல்லிட்டாரு. ஆறு பேருல அஞ்சு பேரு சரியா கீது. ஆறாவது பேருக்குப் பக்கத்துல நீங்க ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிகீறீங்க. அது இன்னாத்துக்குன்னு எனக்குப் புரியல. கல்லுல கேள்விக்குறி வெட்ட முடியுமாம்மா? ஒம்பது மணிக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க.’’ வெட்ட முடியாதுதான். ஆனால் வெட்டினால் அந்த வரியில் பொய் சொல்லாத எழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, பயம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே எல்லாம், தொட்டால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாக இல்லை. ஆறு மாசமாக இப்படித்தான்.

விஷயம் என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஜூன் பதினாறாம் தேதி, டெனிசன் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் ஐயாயிரம் அடிக்குக் கீழே பாறை தானாக வெடித்துச் சரிந்து ஆறு பேர் செத்தார்கள். அந்த ஆறு பேருக்கும் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கல் வைத்து, நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் திறப்பதாக ஏற்பாடு. இன்னும் பத்து நாள். கோவிலின் பழைய அடக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது பிலோமினா கையைத் தூக்கினாள். வெள்ளைக்காரச் சாமியார்களின் சாய்ந்த கையெழுத்து அவளுக்குப் படிக்க வரும், அதைவிட, புருஷன் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வேலைதான் அவளுக்குத் தெரியுமே. கார்மென்ட் பாக்டரியில் அவள் பார்ப்பதே தப்புக் கண்டுபிடிக்கிற வேலை, மூணாவது டேபிள், காலர் செக்கிங், தப்பான தையலுக்கு நேராகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த சட்டையை இழுப்பது. அடக்கப் புத்தகத்தில் ஆறாவது பெயர் ராயப்பன், வயது இருபத்திரண்டு, உறவினர் யாருமில்லை. கம்பெனி ஆஸ்பத்திரியை இழுத்து மூடியபோது பழைய பேப்பருக்குப் போகாமல் தேவசகாயம் பிடுங்கிக்கொண்டு வந்த சாவுப் புத்தகத்திலும் ராயப்பன்தான், டோக்கன் நம்பர் 4417. கூடவே டாக்டர் இங்கிலீஷில் ரெண்டு வரி எழுதியிருந்தார். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை, டோக்கனை வைத்துச் சொல்லப்பட்டது. வலது காலில் பெருவிரல் இல்லை, பழைய காயம். பிலோமினா அந்தப் பெயருக்கு நேராக டிக் போட்டாள். மார்ச் மாசம் போட்ட டிக். அதை ஏப்ரல் மாசம் ரப்பரால் அழித்தாள்.

‘‘இன்னா பிலு, போனை அப்படி மொறைச்சிகினு கீற? கடன்காரனா?’’ கேட்டது சரளா, கூட வேலை பார்க்கிறவள். எதிர்த்த பர்த்தில் பேப்பரை விரித்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஆய நேரமிருக்காது, காலையிலேயே ரயிலில் முடித்துவிடுவாள். ‘‘ஒண்ணுமில்ல சரளா.’’ ‘‘ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? இந்தா, இதுல பாதியப் புடி.’’ பிலோமினா கீரைக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வேர்ப்பக்கம் ஈரமண் ஒட்டியிருந்தது. கிள்ளினாள், கிள்ளிப் போட்டாள், விரலுக்குத் தெரிந்த வேலை இன்னொன்று. அப்பாவின் கால் விரல்கள் பத்து. கடைசி ரெண்டு வருஷம், பாறைத் தூசி அடைத்த நெஞ்சோடு அவர் குனிய முடியாமல் கட்டிலில் சாய்ந்திருந்தபோது நகம் வெட்டிவிட்டவள் அவள்தான். வெந்நீரில் ஊறவைத்து, துண்டால் துடைத்து, ஒவ்வொன்றாக. வலது காலில் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து வளைந்திருக்கும், அதை வெட்டும்போது மட்டும் அவர் காலை இழுத்துக்கொள்வார். அந்த நகத்தின் கனம் இன்னும் விரலில் இருக்கிறது. கோவில் புத்தகத்தில், கம்பெனி லிஸ்டில், ரேஷன் கார்டில், அவளுடைய கல்யாணச் சான்றிதழில், கல்லறையில் சிமெண்டில் பதித்த எழுத்தில், எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் அந்தோணிமுத்து. அந்தோணிமுத்துவுக்கோ வலது காலில் பெருவிரல் கிடையாது. பதினாறு வயசிலேயே வண்டிச் சக்கரம் ஏறிப் போயிற்று. இதைச் சொன்னது சவரியம்மா, அந்தோணிமுத்துவின் கூடப்பிறந்த தங்கை, ஏப்ரல் மாசம், செங்கம் பக்கத்தில் கொளத்துமேட்டில், கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டே, சர்வ சாதாரணமாக.

அந்தக் காலத்தில் ஆள் மாற்றி இறங்குவது ஒன்றும் ஊரறியாத ரகசியம் இல்லை. ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை என்றால், ஊரில் சாவு என்றால், வேலை நாள் விழக்கூடாது என்று அவன் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு இன்னொருத்தன் கீழே இறக்குகிற கூண்டில் ஏறிவிடுவான். வாசலில் நிற்கிற டைம்கீப்பர் பார்ப்பது பித்தளையில் வெட்டிய நம்பரை, முகத்தை அல்ல, தலைவிளக்கு வைத்துக் கரி அப்பிய இருநூறு முகங்களில் எந்த முகத்தை அவன் பார்ப்பது. வெளியூரிலிருந்து வந்து வேலைக்குக் காத்துக்கிடக்கிறவர்கள் இப்படித்தான் தொழில் பழகினார்கள். ஆகவே அன்றைக்கு 4417-ஐக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவன் நாலு மாசம் முன்னால் ஊரிலிருந்து வந்த அந்தோணிமுத்து. இறங்காமல் மேலேயே இருந்துவிட்டவன் ராயப்பன். செத்தது அந்தோணிமுத்து, புதைத்தது ராயப்பனை. மறுநாள் ராயப்பன் சுரங்க வாசலுக்குப் போய் நான் சாகவில்லை என்று எப்படிச் சொல்வான். சொன்னால் ஆள் மாற்றியது தெரிந்து வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை, என் டோக்கனோடு போனவன் செத்துவிட்டான் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். சொல்லவில்லை. ராயப்பனுக்கு அப்பா அம்மா கிடையாது, தேடி வருகிறவர் இல்லை. கம்பெனி லைன் வீட்டில் கூடத் தங்கியிருந்தவனின் தகரப் பெட்டியில் ஞானஸ்நான லெட்டர் இருந்தது, பங்குச் சாமியாரின் சிபாரிசு இருந்தது, மூணு வாரம் கழித்து வேறொரு ஷாஃப்டில் அந்தோணிமுத்து என்ற பெயரில் ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்தான். அந்த ஆள் பதினொரு வருஷம் கழித்து ஒரு பெண்ணைக் கட்டினான். அப்புறம் நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் இதோ கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் அப்பா அன்றைக்கு ஏன் போகவில்லை. பங்காருபேட்டையில் வண்டி நின்று, இந்தப் பக்கத்து எஞ்சினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினார்கள், இதுவரை போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் எல்லாம் இனி முகத்தைக் காட்டி உட்கார்ந்தவர்கள் ஆவார்கள், அவளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஏன் போகவில்லை. காய்ச்சலாக இருக்கும். காய்ச்சல் என்றால் மன்னிக்கலாம். பல்வலியாக இருக்கும், அப்பாவுக்குப் பல் மோசம், நாற்பது வயசிலேயே பாதிப் பல் கிடையாது, கன்னம் வீங்கி ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்திருப்பார், அந்தோணி நீ போயிட்டு வாடா இன்னிக்கு ஒரு நாள் என்றிருப்பார். அல்லது சாராயம். அல்லது ராபர்ட்சன்பேட்டையில் புதுப்படம். படத்துக்குப் போயிருந்தால்? படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூமி குலுங்கியிருந்தால்? அப்பா சினிமாவுக்கே போகமாட்டாரே, ஒரு தடவைகூட அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லையே, அப்படியானால் படம்தான், இல்லை, போகாதவன் போகாதவன்தான், அதை வைத்து என்ன சொல்ல முடியும், காய்ச்சலாகத்தான் இருக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் நின்றுவிடும். ஊசியில் நூல் கோர்க்கும்போது பிசிறு தடுக்கிற மாதிரி அதே இடத்தில் முட்டி முட்டி நிற்கும், மறுபடி ஈரமாக்கி, மறுபடி முறுக்கி, காய்ச்சல், பல்வலி, படம். கேட்க ஆள் இல்லை. அப்பா செத்து இருபத்தொன்பது வருஷம். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அம்மாவும் அதை எடுத்துக்கொண்டே போய்விட்டாள். டேக்கல் தாண்டி வெள்ளைப் பாறைகள் ஜன்னலில் வந்து போயின.

பூசைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வருஷா வருஷம் ஜூன் பதினாறு காலை ஆறு மணிப் பூசைக்கு அப்பா அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போவார். சாமியார் பீடத்தில் நின்று, இன்றைய பூசை ராயப்பன் ஆன்மா இளைப்பாற, ஒப்புக்கொடுப்பவர் அந்தோணிமுத்து என்று வாசிப்பார். அப்பாவின் சிநேகிதர் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். பூசைக் குறிப்பு நோட்டுகளைப் புரட்டி எண்ணிப் பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷம், ஒரு வருஷம் தவறவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷன் முட்டி போட்டு உட்கார்ந்து தன் பெயருக்குத் தானே பூசை கேட்டிருக்கிறார். வேறு என்ன செய்வார், செத்தவன் பெயரைத்தான் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே. சிரிப்பு வரவேண்டிய இடமா, அழுகை வரவேண்டிய இடமா என்று பிலோமினாவுக்குத் தெரியவில்லை, ரெண்டுமே வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்தோணிமுத்து என்று பிறந்து, அந்தப் பெயரில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்பட்டு, வாலிப வயசில் நசுங்கிச் செத்தவனுக்கு, அவன் பெயரில் ஒரு பூசை, ஒரு மெழுகுவத்தி, ஒரு சொட்டுக் கண்ணீர் இன்றுவரைக்கும் கிடையாது. நினைத்தபோது நெஞ்சில் எங்கேயோ லேசாக உறுத்தியது. உடனே போய்விட்டது.

கொளத்துமேட்டுக்கு அவள் போனது கெட்ட எண்ணத்திலா? அப்பாவுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போனாள், அவ்வளவுதான். கமிட்டிக்காகப் புத்தகம் புத்தகமாகப் புரட்டுகிறவள் தன் வீட்டுக் கதையையும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று கல்யாணப் பதிவில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ‘‘நான் அந்தோணிமுத்து மக’’ என்று வாசலில் நின்று சொன்னதும் சவரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுபத்தெட்டு வயசு, காதில் கேட்காத வார்த்தை ஒன்றுகூட இல்லை, நாக்கு அதைவிடக் கூர்மை. ‘‘இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா உங்கப்பனுக்கு?’’ செத்துவிட்டார் என்று கேட்டதும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எனக்கு ஒம்பது வயசுல போனான், லெட்டர் போடறேன்னான், ஒரு வரி இல்ல, எங்கம்மா அவன் லெட்டர் லெட்டர்னே கண்ண மூடிச்சு, ஊர்க்காரன் ஒருத்தன் போயி கம்பெனில விசாரிச்சிட்டு வந்து உங்கண்ணன் நல்லாத்தான் கீறான்னான், நல்லா இருக்கறவன் ஏன் எழுதலன்னு நாங்க கேக்கக்கூடாதா, எவளோ ஒருத்தி முடிஞ்சி வெச்சிகினான்னு நெனச்சோம், என்று கொட்டித் தீர்த்துவிட்டு, ‘‘ஒரு வாட்டி நானே போனேன்டி, கைல ஒரு மூட்ட வேர்க்கடல. லைன் வூட்டு வாசல்ல ஒரு பொட்டப்புள்ள நின்னுகினு எங்கப்பா ஷிப்டுக்குப் போயிட்டாருன்னுச்சு. சங்கு ஊதற வரைக்கும் நின்னேன், ஷிப்டு வுட்டு ஊரே வந்துச்சு, அவன் வரல. கடலைய அந்தப் புள்ளைகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். அது நீயா?’’ என்றாள். பிலோமினா, ‘‘எங்க அக்காவா இருக்கும்’’ என்றாள். அவளுக்கு அக்கா கிடையாது.

அந்தப் பொட்டப்புள்ள அவள்தான். எட்டு வயசு. அப்பா உள்ளே இருந்தார். அன்றைக்கு வாரலீவு. மூங்கில் தட்டி வைத்த சந்து வழியாக யாரோ விசாரித்துக்கொண்டு வருவதைக் கேட்டவுடனே எழுந்து உள்ளே போய், விறகு அடுக்கியிருந்த மூலையில் குந்திக்கொண்டு, ஷிப்டுக்குப் போயிட்டார்னு சொல்லு என்று வாயசைத்தார். குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அவள் சொன்னாள். நல்லா சொன்னாள், தயங்காமல். அந்த அம்மா வெயிலில் குழாயடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டாள், பிலோமினா செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள், உள்ளே அப்பா குந்தியபடியே இருந்தார். அம்மா அந்தக் கடலையை அன்றைக்கே உப்புப் போட்டு வேகவைத்தாள். எல்லோரும் தின்றார்கள். அப்பா தொடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நாக்கில் அவித்த கடலையின் ருசி வரும், நல்ல ருசி, அதுதான் கேவலம். ஏப்ரலில் சவரியம்மா விட்டாளா, ஒரு வாய் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கோழி அடித்தாள், தன் அண்ணன் விரல் போன கதையைச் சொன்னாள், நான்தான்டி வண்டிக்குக் குறுக்க ஓடுனேன், என்னை இஸ்து வுட்டுட்டு அவன் கால வுட்டுட்டான், என்று. அப்போதுதான் டாக்டரின் ரெண்டு வரி பிலோமினாவின் கண்முன்னே வந்து நின்றது. கையில் கோழித்துண்டு. தின்றாள். போகும்போது சவரியம்மா, ‘‘கோவம் போயிடுச்சி மருமவளே. எங்கண்ணன் மவள பாத்துட்டேன். கல்லறைத் திருநாளைக்கு வர்றேன், அவன் குழில ஒரு மெழுகுவத்தி ஏத்தி, நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்’’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்கிறாள். பிலோமினாவை என்ன குழம்பு என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை.

‘‘கீரை ஆயச் சொன்னா தண்ட எல்லாம் தூக்கிப் போட்டுட்டு இலைய மட்டும் வெச்சிகீற. கூட்டுக்குத் தண்டுதான்மா ருசி’’ என்று சரளா பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாலூர் போய்விட்டது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பிலோமினா இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. ராயப்பன் என்று வெட்டுவார்கள். சவரியம்மா வருவாள், வந்து, விரல் பத்தும் உள்ள ஒருத்தர் படுத்திருக்கிற குழியில் மெழுகுவத்தி ஏற்றி, ஏண்டா எனக்கு எழுதல என்று அழுவாள், நாலு வரிசை தள்ளி அவள் அண்ணன் வேறு பெயரில் படுத்திருப்பான், பிலோமினா பக்கத்தில் நின்று குடை பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சொல்லிவிட்டால்? அப்பா திருடன் ஆவார், பெயர் திருடினவர். ஒரு தாயை லெட்டருக்காகக் காக்கவைத்துச் சாகடித்தவர். அவள் யார் ஆவாள் என்றே தெரியாது, முன்னெழுத்தே அவளுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வராது. ரெண்டையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிற அளவுக்குக்கூட மனசு வேலை செய்யவில்லை, சட்டைக் காலரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். தப்பு எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. தப்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி அடுத்த சட்டையை இழுக்க அவளால் எப்போதும் முடிந்ததில்லை. சூப்பர்வைசர் டார்கெட் டார்கெட் என்று கத்துகிற நாளிலும் முடிந்ததில்லை.

ஒயிட்ஃபீல்டில் கூட்டம் பாதி இறங்கியதும் தேவசகாயத்தைக் கூப்பிட்டாள். ‘‘அண்ணா, ஆறாவது பேரு அந்தோணிமுத்துன்னு வெட்டச் சொல்லுங்க.’’ ‘‘அது உங்கப்பா பேராச்சேம்மா? அவரு தொண்ணூறுல வூட்லதானே செத்தாரு, நான்தானே பெட்டி தூக்கினேன்?’’ ‘‘நீங்க தூக்கினது ராயப்பன்.’’ சொல்லியாகிவிட்டது. இருபத்தொன்பது வருஷம் முன்னால் செத்த அப்பாவை அவருடைய பெயரால் அவள் முதல்முதலாகக் கூப்பிட்டது இப்படி, ரயிலில், இன்னொருத்தரிடம். ஆள் மாறி இறங்கியதை நாலு வாக்கியத்தில் சொன்னாள், ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இருக்கிற ரெண்டு வரியைச் சொன்னாள். ‘‘எங்க சித்தப்பாகூட அப்படி எறங்கி இருக்காருமா. ஊருல பாதிப் பேரு எறங்கி இருக்காங்க’’ என்றார் தேவசகாயம். பிறகு, ‘‘உங்கப்பாவப் பத்தி யாருனா ஒரு வார்த்த பேசினா நான் கேட்டுக்கறேன்’’ என்றார். எலெக்ட்ரீஷியனுக்கு இவ்வளவு இதமாகப் பேச வரும் என்று அவளுக்குத் தெரியாது. சரளாவின் கை கீரையில் நின்றுபோயிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

அடுத்த போன் கொளத்துமேட்டுக்கு. எடுத்தது சவரியம்மாவின் மருமகள் குளோரி, ஸ்பீக்கரில் போட்டுக் கிழவியிடம் கொடுத்தாள், பின்னால் ஆடு கத்தியது. ‘‘இன்னாடி வியாழக்கிழம போன் பண்ற? நல்லாத்தானே கீற?’’ ‘‘அத்தை, எங்கப்பா உங்க அண்ணன் இல்ல.’’ அதற்குமேல் ஒவ்வொன்றாகச் சொன்னாள், குரல் பிசிறில்லாமல் வந்தது, வேறு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போல அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். டோக்கன், பாறை, கால் விரல், தகரப் பெட்டி. விறகு மூலையில் குந்தியிருந்தவர். ‘‘வாசல்ல நின்னு பொய் சொன்ன புள்ள நான்தான் அத்தை. எனக்கு அக்கா இல்ல.’’ கே.ஆர்.புரம் வந்துவிட்டது. சரளா டிபன் பையைத் தூக்கிக்கொண்டு அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ‘‘எந்த வருசம்னு சொன்ன?’’ என்றாள் சவரியம்மா. ‘‘அம்பத்தொண்ணு. ஜூன் பதினாறு.’’ ‘‘அவன் மாசி மாசம் போனான்.’’ ‘‘ஆமாம் அத்தை.’’ ‘‘அப்ப, போயி நாலு மாசம்.’’ ‘‘ஆமாம்.’’ ஆடு மறுபடி கத்தியது. ‘‘அப்ப எனக்கு லெட்டர் போடாம இருந்தது அவன் இல்ல’’ என்றாள் சவரியம்மா, மெதுவாக, கணக்குக் கூட்டுகிற மாதிரி. ‘‘கதவத் தொறக்காம இருந்தது அவன் இல்ல. எங்கண்ணன் என்னை மறக்கல.’’ போனை எங்கேயோ வைத்தது கேட்டது. அணைக்கவில்லை. ‘‘ஏ குளோரி, அடுப்ப அணைடி! எங்கண்ணன் செத்துட்டான்.’’ உலைப்பானையை இறக்குகிற சத்தம், தண்ணீர் ஊற்றி நெருப்பு சீறுகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல் எழுந்தது, வார்த்தையில்லாமல் ஒரு தடவை, பிறகு வார்த்தையோடு, என்னைத் தூக்கி விட்ட காலே, எனக்காக விரல் விட்ட காலே என்று. சரளா ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வாயெடுத்துவிட்டு, பிலோமினாவின் முகத்தைப் பார்த்து, அவளைத் தூணோரமாக ஒதுக்கி நிறுத்திக்கொண்டாள். போனில் காலடிகள் ஓடிவந்தன, ஒன்று, ரெண்டு, நாலைந்து பேர், யாரு, யாருக்கு இன்னா, என்று. ‘‘எங்கண்ணன். எங்கண்ணன் அந்தோணிமுத்து.’’ ‘‘ஐயோ, எப்ப யக்கா?’’ என்று ஒருத்தி கேட்டாள்.

‘‘இப்பத்தான்டி சேதி வந்துச்சு’’ என்றாள் சவரியம்மா.